கரடி விடாதே

கோட்டாறு ஆக்கர்கடையில் துருப்பிடித்த பழைய இரும்புச் சாமான்களுக்கு அடியில் கிடந்த ஒற்றைக்கண் கரடிப் பொம்மையை வாங்கி வந்தேன். வெல்வெட் துண்டுகளில் நான் தைத்த கட்டைவிரல் உயரக் கரடிகளுக்கு நடுவில் அதை உட்காரவைத்தேன். வயிற்றை அமுக்கினால் உள்ளே மரத்தூள் நெறிபட்டது.

"அப்பாவவிட இதுக்கு வயசு கூட, மைனி" என்றேன்.

அண்ணன் மனைவி சிரித்தாள். "சும்மா கரடி விடாதட்டி. நாப்பது வயசுல பொம்மை வச்சு விளையாடுதியே, நாலு பேரு வந்தா என்ன நெனப்பாவ? எல்லாத்தையும் தூக்கி வெளிய போடு."

நாலு பேர் வந்தால் உட்கார நாற்காலி கிடக்கிறது. அலமாரி கரடிகளுக்கு. ஊசியில் நூலைக் கோத்து, அடுத்த கரடிக்குக் காது தைக்கத் தொடங்கினேன்.

"விடமாட்டேன் மைனி. ஒரு கரடியையும் விடமாட்டேன்."