செயலாளர் அம்மா தேர்ந்தெடுத்த வாக்கி டாக்கி

ஒரு வாளித் தண்ணீரோடுதான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மா வாக்கி டாக்கி தேர்வுசெய்ய வந்தார். அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறையில், மாதிரிக்கு வரவழைத்த நான்கைந்து வகைகளை மேசையில் பரப்பியிருந்தேன். பக்கத்தில் லேப்டாப், அதில் எடை, தூரம், திறன் எல்லாம் நிரப்பிய அட்டவணை. ஐ.டி.காரன் புத்தி. அம்மா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாளியில் கையை முக்கி, சொட்டச் சொட்ட ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தார். வழுக்கியதை ஓரமாக வைத்தார். என் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது அதுதான்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடியில் கணவரோடு இருந்தார். கணவருக்கு நுரையீரல் கோளாறு. ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய வருட மழையில் கரண்ட் போனது, செல்போன் டவரும் போனது. கீழே ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்த விஷயத்தை மாடிக்குச் சொல்ல வழியில்லை. மெஷின் திடீரென்று நின்று, அம்மா தட்டுத்தடுமாறி சிலிண்டரை மாட்டுவதற்குள் மனிதருக்கு உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. சிலிண்டரோ சில மணி நேரந்தான் வரும், முன்கூட்டியே திறந்து வீணாக்கவும் முடியாது. ஆகவே அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: கீழே நடப்பது அந்தக் கணமே மேலே தெரிய வேண்டும்.

நான் ஒரு கருவியோடு மொட்டை மாடிக்குப் போய், ஏரிக்கரையில் நின்ற வாட்ச்மேனோடு பேசிக் காட்டினேன். கணீரென்று கேட்டது. "மழையில யாரு தம்பி மொட்டை மாடியில நின்னு பேசப்போறாங்க? ஜெனரேட்டர் ரூமுக்குப் போங்க" என்றார் அம்மா. போனேன். அங்கிருந்து வெறும் கரகரப்புதான் மிஞ்சியது. இணையத்தில் கிடைத்த, சக்தி கூடிய ஒன்றைச் சொன்னபோது, "அதுக்கு லைசென்ஸ் வேணும். பாஸ் இல்லாம ஃபேக்டரி கேட்டைத் தாண்டாதவ நான், அந்த வில்லங்கமே வேணாம்" என்று முடித்துவிட்டார். கடைசியில் வாங்கியது லைசென்ஸ் தேவைப்படாத சின்னக் கருவிகள் நான்கு. ஜெனரேட்டர் ரூமிலிருந்தும் தெளிவாகப் பேசியவை அவைதான். பென்சில் பேட்டரி போதும், அது முக்குப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கூடவே, செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், எந்தச் சாலை அடைபட்டது என்று கேட்க ஒரு பேட்டரி ரேடியோ. ஒரு வாக்கி டாக்கி வாட்ச்மேனுக்கு, ஒன்று எதிர் பிளாக்கில் இருந்த எனக்கு, இரண்டு அம்மா வீட்டுக்கு: அவர் கைக்கு ஒன்று, கணவரின் கட்டிலருகே ஒன்று. ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு எல்லோரும் பேசிப் பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

கெடுத்தவன் நான். ஆயுத பூஜையன்று நான்கையும் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பினேன். அம்மா தன்னுடையவற்றை மறுநாளே துடைத்துவிட்டார், நானும் துடைத்தேன். அந்த ஞாயிறு சோதனை என் பொறுப்பு. லீவுதானே என்று ஊருக்குப் போய்விட்டேன், சோதனை நடக்கவில்லை. அடுத்த இரண்டாம் நாள், நான் திரும்பி வந்த இரவே, மழை பிடித்துக்கொண்டது.

விடிந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கூப்பிட்டார். போர்வைக்குள்ளிருந்து முனகுவதுபோல் ஏதோ வந்ததே தவிர ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சந்தனம் காய்ந்து மைக் ஓட்டையை அடைத்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் குரல் மட்டும் பதறாமல் வந்தது: "வாட்ச்மேன், உங்க பேச்சு புரியல. நான் பேசறது கேட்டா பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க. இல்லைங்கறதுக்கு ஒரு தடவை."

டிக், டிக்.

"தண்ணி ஜெனரேட்டர் மேடையைத் தொட்டுச்சா?"

டிக்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வி. ஏழோ எட்டோ முறை கேட்டபின் இரண்டு டிக் வந்தது. "ஒரு நிமிஷம் இருங்க" என்றார். சிலிண்டரை மாட்டி, மாஸ்கைச் சரிபார்த்துவிட்டு, "இப்ப ஜெனரேட்டரை நிறுத்துங்க" என்றார். நான் தண்ணீரில் நடந்து வாட்ச்மேனிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் கருவியை நீட்டினார். "சாமிக்கு வெச்ச சந்தனம் சார், நான் எப்டி தொடைப்பேன்? நீங்கதான வெச்சுட்டுப் போனீங்க" என்றார்.

சற்று நேரத்தில், தரைத்தள வீட்டில் தனியாக இருந்த பெரியவரை மேலே ஏற்ற அம்மாவே இறங்கி வந்தார். அவரைப் பத்திரமாக முதல் மாடியில் விட்டபின், படியில் நின்று, "ஏங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கருவியில் கேட்டார். சத்தமில்லை. மறுபடி கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அப்புறம் வந்தது: டிக், டிக். மாஸ்கோடு பேச முடியாத மனிதர், மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அம்மா அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

இந்த மழைக்காலத்துக்கும் அதே கருவிகள்தான். ஞாயிறு பத்து மணிக்கு ஊரில் இல்லாமல் போக எனக்கு இப்போது தைரியம் கிடையாது. அம்மாவின் கணவர், ஐயா, மாஸ்க் இல்லாமலே கொஞ்ச நேரம் இப்போது பேசுகிறார், என்னிடம் கிரிக்கெட்கூடப் பேசுகிறார். ஆனால் ஞாயிறு சோதனையில் அவர் முறை வரும்போது வாயைத் திறக்க மாட்டார். "பேசுங்களேன் ஐயா" என்று ஒருநாள் அவர் கட்டிலருகே இருந்து கேலி செய்தேன். "நல்லா இருக்கேன்னு நான் எத்தனையோ தடவை அவகிட்ட பொய் சொல்லியிருக்கேன் தம்பி, அதை நம்ப மாட்டா" என்று சிரித்துவிட்டுப் பட்டனை இரண்டு முறை அழுத்தினார். அதன் பிறகுதான் அம்மா வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.