செம்பில்லாத கேபிள்

பியூலாவுக்கு ரயிலைக் கண்டாலே எரிச்சல். கல்யாணமாகி சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு வந்ததிலிருந்து, விடியுமுன் கிளம்பும் பெங்களூர் ரயிலில்தான் அவள் தலை வாரினாள், இட்லி தின்றாள், ஜெபித்தாள், மாதாந்திர வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். சுரங்கம் மூடியபின் ஊரில் பாதிப் பேர் பிழைப்பு அப்படித்தான். இதை உழைப்பின் பெருமை என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ரயிலில் ஏறியதில்லை.

ஆகவே, சுற்றுவட்டார உள்ளாட்சிகள் சில கூடி ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தி, தெருத்தெருவாகப் பொது ஃபைபர் இணையம் கொண்டுவந்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அவள். லைன் வீடுகளுக்குப் பட்டா இல்லையென்று தனியார் கம்பெனிகள் கைவிரித்திருந்தன. கூட்டமைப்பு பட்டா கேட்கவில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி மனமறிந்து சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான். ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும் வீடுகளின் முன்சுவர் நெடுகக் கறுப்பு கேபிள் ஓடியது. பெங்களூரில் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அவள் ஆபீஸ், சில மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்து காட்டு என்றது. இணையம் நின்றால் மறுபடி ரயில்தான்.

ஒரு மத்தியானம் திரை அப்படியே நின்றது. வெளியே வந்து பார்த்தால், கோடி வீட்டுச் சுவரில் கேபிள் வெட்டுண்டு தொங்கியது. பின்சந்தில் லாய்ட் குந்தியிருந்து ஒரு துண்டின் தோலை பிளேடால் சீவிக்கொண்டிருந்தான். அவன் பியூலாவின் கணவன் ஏனோக்குக்குச் சித்தப்பா மகன். மூடிய சுரங்கத்தின் கேபிளைத் தோலுரித்து, செம்பை எடைக்குப் போட்டு வயிறு கழுவிய கூட்டத்தில் அவனும் ஒருவன். கறுப்பு கேபிள் என்றால் உள்ளே செம்பு. அதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"இத்த பாரு அண்ணி. உள்ள ஒண்ணுமே இல்ல. மயிரு மாதிரி கண்ணாடி! நம்மள நல்லா ஏமாத்திட்டானுங்க."

"உன்ன எவன்டா ஏமாத்தனான்? என் சோத்துல மண்ணப் போட்டுட்டு என்கிட்டயே நியாயம் பேசறியா?"

எதிர்வீட்டு மங்கம்மா துணி உதறியபடியே சொன்னாள்: "செம்பா இருந்தா இந்நேரம் பிரியாணி வாசன வந்திருக்கும். பாவம், கண்ணாடி கைய கிழிச்சிடப் போவுது."

பியூலா சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த பிளேடைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். நேராகக் கூட்டமைப்பு ஆபீசுக்குப் போனாள். அங்கே இன்ஜினியர் சுனில் பேனா மூடியைக் கழற்றினார்.

"யார் கட் பண்ணது மேடம்? பேர் சொல்லுங்க. போலீஸ் கம்ப்ளெய்ன்ட் ஆகட்டும், ஆமேலே, அப்புறம்தான் ரிப்பேர்."

"பேரு எதுக்கு சார்? கேபிள இழுங்க."

"லைன் ஜனம் இப்படித்தான்னு மேல ஏற்கனவே சொல்றாங்க. பேர் இல்லேன்னா உங்க லைன் கடைசி. பட்டா வீடுங்க இருக்கிற லேஅவுட்டுக்கு முதல்ல போட்டுடுவோம்."

"போன மாசம் லேஅவுட்டுல லாரி மோதி உங்க கம்பம் சாஞ்சிச்சே. டிரைவர் பேரு கேட்டுட்டா நட்டீங்க?"

"அது ஆக்சிடென்ட் மேடம்."

"அங்க நடந்தா ஆக்சிடென்ட்டு. இங்க நடந்தா எங்க புத்தியா?"

அவர் பேனாவைக் காகிதத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். பொதுச் சொத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். தண்டனையை மட்டும் தெருப் பார்த்துப் பிரிக்கிறார்கள்.

லாய்ட்டின் பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவனுக்கு லாக்கப்பும் அடியும், இவளுக்கு இணையம். அவன்மேல் அவளுக்கு இரக்கம் துளியும் இல்லை. ஆனால் சுனில் பேனாவோடு காத்திருந்த விதம், லைன் ஜனத்தைப் பற்றி எப்போதோ எழுதி முடித்த தீர்ப்புக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்பது போலிருந்தது.

"எனக்குத் தெரியாது" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் ஏனோக் தலையில் கை வைத்துக்கொண்டான். "சொல்லியிருக்கலாமில்ல? என் தம்பின்னா பாத்த?"

"உன் தம்பிய நானே கொன்னுடுவேன். அவங்க கையில குடுக்க மாட்டேன்."

கேபிள் வரவில்லை. ஆபீஸ் திங்கட்கிழமை நேரில் வரச்சொன்னது. அன்று விடியலில் அவள் ஏறிய பெட்டியில் லாய்ட்டும் இருந்தான். பெங்களூரில் எங்கோ கான்கிரீட் வேலைக்குப் போகிறானாம். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காரு அண்ணி."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் எதிரிலேயே நின்றாள். அடுத்த ஸ்டேஷன் ஊரிகத்தில் கூட்டம் ஏறியது. அந்த இடத்தில் யாரும் உட்காராதபடி லாய்ட் கையை வைத்து மறித்துக்கொண்டான்.

"பெங்களூரு வரைக்கும் நின்னா கால் வலிக்கும் அண்ணி."

"வலிக்கட்டும். நீ அத பாத்துக்கினே வா."