சென்னகிருஷ்ணன் உருட்டாத பாட்டில்

ரங்கநாயகி கூடத்துக்கு மாப் போட்டுக்கொண்டிருந்தாள், குதிகாலைத் தரையில் ஊன்றாமல், முன்பாதத்தாலேயே நடந்து. அவள் கணவர் சென்னகிருஷ்ணன் சோபாவில் சாய்ந்து, ஆஸ்பத்திரி பூட்ஸ் மாட்டிய வலது காலை ஸ்டூலில் ஏற்றி வைத்திருந்தார். மாப் ஸ்டூலுக்குக் கிட்டே வந்தும் அவர் அசையவில்லை. காலோடு சேர்த்து ஸ்டூலை அவள்தான் நகர்த்தினாள்.

பீளமேட்டில் மோட்டார் பம்ப் கடையில் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து ஆள் ஏவியவர். எடை தொண்ணூற்றெட்டு கிலோ. குதிகால் வலி என்று போனபோது, கத்தி வைப்பது கடைசியில்தான் என்றார் டாக்டர். ஆறு மாதம் பயிற்சி. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துப் பாதத்தின் அடியில் உருட்ட வேண்டும். ரங்கநாயகி தினமும் உறையவைத்துக் கொண்டுவந்து வைப்பாள். அது டிவி முன்னால் கிடந்து உருகும்.

ஆறு மாதம் கழித்து, "எல்லாம் பண்ணிப்போட்டனுங்க டாக்டர், ஒண்ணும் கேக்கலீங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி வாயைத் திறக்கவில்லை. குதிகாலைப் பிடித்து இழுக்கும் தசைநாரில் பாதியை வெட்டித் தளர்த்தினார்கள். மொத்தம் இரண்டு தையல்.

பார்க்க வந்தவர்களிடம் அது, "காலையே பொளந்துபோட்டாங்க" என்று ஆனது. பூட்ஸை நாலாம் வாரமே கழற்றச் சொல்லிவிட்டார்கள். இது ஒன்பதாம் வாரம். ஆப்பிளோடு ஆட்கள் வருவது நிற்கவில்லை, பூட்ஸும் கழலவில்லை.

ரங்கநாயகி மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு ஆஸ்பத்திரி போறப்ப எனக்கும் ஒரு டோக்கன் போட்டுருங்க. காத்தால கட்டிலை உட்டு எறங்கினா ஆணியை மிதிச்சாப்பல இருக்குது. ரெண்டு வருசமாச்சு."

"ஊட்டுக்குள்ளயே இருக்கறவளுக்குக் குதிகால் எதுக்கு அம்மணி வலிக்குது? அந்தப் பாட்டிலை உருட்டு, சரியாப் போயிரும்."

"உருட்டினனுங்க. நீங்க உருட்டாத பாட்டிலை மறுக்கா உறையவெச்சு, ஆறு மாசமும் சமையக்கட்டுல நின்னு நாந்தான் உருட்டினேன். பாட்டிலே படாத காலுக்கு ஆப்பரேசன் ஆயிப்போச்சு. உருட்டின காலுக்கு ஒரு டோக்கன் கேட்கறனுங்க."

அவர் டிவியையே பார்த்தார்.

"நாளைக்கு எனக்கும் டோக்கன் உண்டுங்களா, இல்லீங்களா? இல்லீனா டாக்டர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிக்கறேன்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் அம்மணி, எனக்குச் சரியாப் போயிருச்சு" என்று சென்னகிருஷ்ணன் பூட்ஸின் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். காலை உருவிக்கொண்டு எழுந்து, ஈரத் தரையில் குதிகால் அழுந்தப் பதிய, கொஞ்சமும் நொண்டாமல் கூடத்தை விட்டுப் போனார்.