பந்துப் பிசாசு எழுதிவைக்கும் வீடு

பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டிய மாடி வீட்டுக்காரிக்குப் பசங்க வைத்த பெயர் பந்துப் பிசாசு. அவள் மொட்டைமாடியில் விழுந்த பந்து எதுவும் ஊர் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. மின்விசிறி மோட்டாருக்கும் மிக்சி மோட்டாருக்கும் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது தொழில். கீழே கடை, கடைக்குப் பின்னால் ஒரு கட்டில். மாடியில் தம்பியும் அவன் பெண்டாட்டியும். கல்யாணம் அவளைத் தேடி வந்தபோது அவள் ஏதோ ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தாள். அப்புறம் வரச் சொன்னாள். அது வரவேயில்லை.

நெஞ்சில் ஒரு வால்வு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

"கழட்டி மாத்திடலாமா?" என்று கேட்டாள்.

இந்த வயதில் அது ஆபத்து என்றார் அவர். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. அப்படி நடந்த ஒரு நடை வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றது.

"என் காலத்துக்கு அப்புறம் வீடு பின்னாடி இருக்கற பள்ளிக்கூடத்துக்குன்னு உயில் எழுதணும்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "என் பையனோட பந்தே உங்ககிட்டதானே இருக்கு!"

"அது வேற கணக்கு சார்."

மழை வந்தால் தாழ்வாரத்தில் உட்காரும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஏற்கெனவே நிரம்பி வழியும் அடுத்த அறைக்குள் முண்டியடிப்பார்கள். கடையின் பின்சன்னலில் வருஷக்கணக்காக இதுதான் காட்சி. பார்த்துத் திட்டுவாள். திட்டிவிட்டுச் சன்னலைச் சாத்தமாட்டாள்.

"தாராளமா எழுதலாம், நீங்க சம்பாதிச்ச வீடு," என்றார் வக்கீல். "ஆனா தம்பிக்குத் தெரியாம எழுதினா நாளைக்கு அவர் கோர்ட்டுக்குப் போவார். பள்ளிக்கூடத்துக்கு வீடு போகாது, வழக்குதான் போகும். முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

சொல்வதற்காக மாடி ஏறினாள். தம்பி பேப்பரை விலக்கிப் பார்த்ததும் உப்பு கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினாள். மறுபடி ஏறி, விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று கேட்டாள்.

"நேத்துதானேக்கா பார்த்தீங்க?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

கீழே வேலையும் ஓடவில்லை. அன்று சரிசெய்து கொடுத்த விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்று டீக்கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். "காத்தெல்லாம் மேல போகுதுக்கா. கூரைக்கா வேர்க்குது?"

சாயங்காலம் தம்பியே இறங்கி வந்தான். "உப்பு வாங்கறே, விசிறியைப் பாக்கறே. என்னதான் வேணும் உனக்கு?"

கையிலிருந்த மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

"யாருக்கு? நீ பந்து பிடுங்கற பள்ளிக்கூடத்துக்கா?" அவன் குரல் ஏறியது. "அங்க படிச்சவன் நான். அஞ்சோட நின்ன உனக்கு அங்க என்ன இருக்கு?"

"உன்னைத் தினம் கேட் வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டுப் போனது யாரு? அதுக்குச் சம்பளமாவது கொடுத்தாங்களா?"

"விளையாடாதே. நாங்க தெருவுல நிக்கணுமா?"

"லூசு. நீயும் அவளும் இருக்கறவரைக்கும் மாடி உங்களுதுதான். அப்படித்தான் எழுதப்போறேன். என் மூச்சு நின்னா கீழ்வீடு மட்டும் அவங்களுக்கு."

"அப்ப நான் எப்ப சாவேன்னு ஒரு பள்ளிக்கூடமே காத்துக்கிட்டு இருக்கும்!"

"சட்டுபுட்டுன்னு முடிச்சுக்கோ. பசங்க மழையில நிக்குதுங்க."

சிரிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. படபடவென்று மாடி ஏறினான். கதவு அறைந்த சத்தத்தில் ஆணியில் தொங்கிய கம்பிச் சுருள் கீழே விழுந்தது.

அவன் வேண்டாம் என்றால் முடிந்தது கதை. தன் மூச்சுக்குப் பிறகு தம்பி ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம் என்று கோர்ட்டில் நிற்பதை நினைத்தால் தேய்ந்த வால்வு அடித்துக்கொண்டது. கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தலைக்கு மேலேயும் நடக்கும் சத்தம். இவள் சன்னலுக்குப் போனால் அது வாசலுக்குப் போனது. இவள் நின்றால் அதுவும் நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே அரிப்பு.

கடைசியில் பாதிப் படியில் அவன் குரல் கேட்டது.

"இந்தப் படி ரொம்பச் செங்குத்து. சின்னதுங்க ஏறினா உருண்டுடும். கைப்பிடி வைக்கணும்னு உயில்லயே எழுதச் சொல்லு."

கீழே விழுந்த கம்பிச் சுருளை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"அதை எதுக்கு எழுதணும்? நீயே வெச்சுடு. உனக்கும்தான் முட்டி போச்சு."

"காலையில வக்கீல் வீட்டுக்கு நானும் வரேன். தனியாப் போய் வழியில விழுந்து வெக்காத."

"காலையில எதுக்கு? இப்பவே போலாம்." ஒரு கால் ஏற்கெனவே செருப்புக்குள் இருந்தது.

"அவர் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாருக்கா!"

"சாப்பிடட்டும். நாம வாசல்ல நடந்துக்கிட்டு இருப்போம்."