பின்பக்கப் படி

என் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு சாமான் வாங்க வந்தால் கடைக்காரனுக்கு ஆயுள் குறையும். அந்தக் கடைக்காரன் நான்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஜீப், லாரி உதிரிபாகக் கடையில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். எத்தனையோ கஞ்சர்களைப் பார்த்தவன். ஆனால் ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்த ஒரு கிட் வாங்குவதற்குள் அத்தான் என்னை ஆறு வாரம் படுத்தி எடுத்துவிட்டார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. முதுகுவலிக்கு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு பழைய ஜீப்பை ஓட்டுகிறார். காலையில் நான்கு டீச்சர்களை மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார்; சாயங்காலம் கூட்டி வருவார். ஐந்தாவது ஆள் என் அக்கா. அதே பள்ளியில் உதவியாளர். பெருக்குவது, மணி அடிப்பது, சின்னப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுவது எல்லாம் அவள்தான். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

மலையில் தார் ரோடு பாதியோடு சரி. அதற்கு மேல் கல்லும் பள்ளமும்தான். ஆட்கள் ஏறியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, வண்டியின் அடிவயிறு கல்லில் உரசும். போன மழைக்குப் பிறகு இரண்டு தடவை வண்டி கல்லிலேயே உட்கார்ந்துவிட்டது. டீச்சர்கள் சேற்றில் நடந்து போனார்கள். தலைமையாசிரியை அத்தானைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சவாரி போய்விட்டால் அக்காவும் மலையேற முடியாது என்பதுதான் அத்தானுக்குக் கவலை. வேறு வண்டிக்காரன் அவளையும் ஏற்றிக்கொள்வானா, அதற்கு எவ்வளவு கேட்பான் என்று அவரே கேட்டு அவரே மருகுவார்.

ஆகவே கிட். முழு செட்டாக, புதுப் பட்டைகளும் நீளமான ஷாக் அப்சார்பரும் சேர்த்து வாங்கினால் பிரச்சினையே இல்லை. விலையைச் சொன்னதும் அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டையைத் தாங்கும் ஷேக்கிளை மட்டும் நீளமானதாக மாற்றினால் மலிவு; ஆனால் வளைவில் ஸ்டியரிங் அலையும். பின்னால் மட்டும் இரும்புக் கட்டை வைத்தால் வண்டி மூக்கால் நடக்கும். கடைசியில், இருக்கிற பட்டைகளோடு சக்கரத்துக்கு ஒன்றாகக் கூடுதல் பட்டை சேர்த்து, சுமாரான ஷாக் அப்சார்பர் நான்கு போடுவது என்று முடிவானது. முதுகுக்கு ஆகாது, தூக்கித் தூக்கிப் போடும் என்று சொன்னேன். முதுகு ஏற்கெனவே போனதுதானே என்றார்.

அளவெடுப்பதில் மட்டும் ஆள் கில்லாடி. வண்டி காலியாக நிற்கும்போது எடுத்த அளவு உதவாது என்று, டீச்சர்களின் எடைக்குச் சரியாக மணல் மூட்டைகளை ஏற்றி, கவிழ்ந்து படுத்து அளந்தார். மேலே போய்க் கல்லையும் அளந்து வந்தார். மெக்கானிக் கிட்டைப் பூட்டிய அன்று, பின்பக்கம் ஏறுகிற படிதான் எல்லாவற்றையும்விடக் கீழே தொங்குகிறது, முதலில் இடிப்பது அதுதான் என்றான். வெட்டிவிடச் சொன்னார் அத்தான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நல்ல யோசனை என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

அக்கா வீட்டுத் தெருவுக்குள் ஜீப் நுழையாது. தெருமுனையில்தான் நிற்கும்; டீச்சர்களும் அங்கேயே வந்துவிடுவார்கள். அந்த இன்ஜின் சும்மா விட்டால் அணைந்துவிடும் என்பதால் அத்தான் ஆக்சிலரேட்டரில் காலை வைத்தபடி முன்சீட்டை விட்டு அசைய மாட்டார். எல்லோரும் ஏறியதும் ஒரு டீச்சர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். வண்டி கிளம்பும். பல வருடமாக இதுதான் வழக்கம்.

கிட் போட்ட மறுநாள் காலையில் அந்தத் தட்டல் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அத்தான் இறங்கினார். இன்ஜின் அணைந்தது. பின்னால் போய்ப் பார்த்தால், மேலிருந்து ஒரு டீச்சர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கிறார். கீழே இருவர் அவளை இடுப்பில் தாங்குகிறார்கள். நான்காவது டீச்சர் குனிந்து, அக்காவின் முழங்காலை இரண்டு கைகளாலும் தூக்கி வண்டிக்குள் வைக்கப் பார்க்கிறார். அது எட்டவில்லை. அக்கா வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

முதலில் அத்தானுக்குப் புரியவில்லை. மூத்த டீச்சர்தான் சொன்னார்.

"ரெண்டு வருஷமா நாங்கதான் ஏத்திவிடுறோம். படி இருந்தப்ப சமாளிச்சோம்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்க. நான் அங்க இல்லன்னா உங்க சவாரிய யாரு தருவா?"

அத்தானே அவளைத் தூக்கி ஏற்றினாராம். பெல்ட் கட்டிய முதுகோடு. அன்று வண்டி எந்தக் கல்லிலும் உரசவில்லை.

சாயங்காலம் கடைக்கு வந்து கவுண்டர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்படி ஓய்ந்துபோன முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"அவ வேலைக்காகத்தான் நான் இந்த மலைய விடாம ஓட்டிக்கிட்டிருந்தேன்டா. இல்லன்னா முதுகு போனப்பவே விட்டிருப்பேன். அவளும் எனக்காகத்தான் முட்டி நோக ஏறிக்கிட்டிருந்திருக்கா. ஒரு நாள் உக்காந்து பேசியிருந்தா ரெண்டு பேருமே விட்டிருக்கலாம்."

பிறகு, பூட்டிய சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். எங்கள் கடையில் கிடையவே கிடையாது. எத்தனை பேரிடம் மூஞ்சியில் அடித்த மாதிரி அதைச் சொல்லியிருக்கிறேன்.

"கழட்டிக் கொண்டு வாங்க அத்தான், பாத்துக்கலாம்" என்றேன்.

முதலாளி எடுத்துக்கொள்ளவில்லை. அது என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அந்த மாதக் கடைசியோடு இருவரும் மலையை விட்டார்கள். அக்காவுக்கு ஓய்வூதியம் குறைச்சலாகத்தான் வரும். அத்தான் மத்தியானத்துக்கு மேல் அதே ஜீப்பில் மருந்துக்கடைக்குப் பெட்டி கொண்டுபோய்ப் போடுகிறார். சமதளத்தில், பாதி வருமானத்துக்கு.

போன வாரம் ஒரு வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். காலை ஒன்பது மணி. முன்பென்றால் மலைமேல் முதல் மணி அடித்திருக்கும் நேரம். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், வாயைத் திறந்துகொண்டு, அடித்துப்போட்ட மாதிரி. எழுப்ப மனசு வரவில்லை. சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.