மூன்றாம் நாள் வந்த வலிப்பு

குடியின் பாதிப்பைக் குறைக்க, உத்திரமேரூரில் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தபோது அவரைச் சந்தித்தேன். பயிற்சிக்கு வந்திருந்த ஒல்லியான பெண்; பிறர் பேசும்போது குடிகாரர்களைப் போல நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பார்.

தினமும் குடிப்பவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம் என்று விளக்கினேன். அவர் எழுந்தார்.

“எங்க வூட்டுக்காரரு இனிமே குடிக்கமாட்டேன்னு கோயில்ல கயிறு கட்டிக்கினாரு சார். மூணாம் நாளு வலிப்பு வந்து செத்துப் பூட்டாரு. திருட்டுத்தனமா குடிச்சாரு, சாமி அடிச்சிடுச்சின்னு ஊரே ஏசுது. அப்போ அவுரு குடிக்கவே இல்லியா?”

“குடிச்சிருக்க மாட்டாரும்மா” என்றேன்.

“சத்தியமா குடிக்கலடின்னு கத்தினாரு சார். நான்தான் நம்பல.”

அந்தப் பாடத்தைத் தம் ஊரில் தாமே நடத்துவதாகச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சென்றார். அதை எந்தச் சொல்லில் தொடங்கியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.