வெயில் இருந்தும் நின்ற பாகர்

ரஞ்சிதாவுக்குக் கூரை ஏறப் பயமில்லை. சங்ககிரியில் சோலார் கடை போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. எத்தனையோ கூரை ஏறி இறங்கிவிட்டாள். அவளைப் பயமுறுத்தியது அவளே சொன்ன ஒரு வார்த்தை.

"கரண்டு போனாலும் ஓடுமா சாமி?" என்று கோழிப்பண்ணை மயிலம்மாள் கேட்டபோது, "வெயில் இருக்கற வரைக்கும் நிக்காதுங்கம்மா" என்றுவிட்டாள். முதல் பெரிய ஆர்டர். கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். உண்மையில் அவள் மாட்டிக்கொடுத்த வகைச் சோலார், லைனில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. மகளிர் தொழில்முனைவோர் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் போன் வந்தது.

"ஏனம்மிணி, வெயில் மண்டையப் பொளக்குது, கரண்டு போனதும் பாகர் நின்னுபோச்சே! உன்னைய நம்பி ஜெனரேட்டரையும் வித்துப்போட்டனே!"

பாகர் என்பது கோழிக் கூண்டுகளின்மேல் சாரலாக நீர் தெளிக்கும் குழாய். அது நின்றால் அந்தச் சூட்டைக் கோழிகள் தாங்காது. ஐயாயிரம் கோழிகள். ரஞ்சிதா போனை அணைத்துவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள், அதை மறைப்பானேன்.

பந்தல்காரர் சென்னிமலையிடம் கெஞ்சி, அவருடைய ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. சில சாய்ந்தே விட்டன. பண்ணை ஆள் தனபால் அவசர அவசரமாக வயரை மாட்டினார். இவள் ஸ்விட்சில் கை வைத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். வாசலில் இருந்த கம்பத்தில் லைனைச் சரிசெய்ய லைன்மேன் ஏறி நின்றுகொண்டிருந்தார். பண்ணையின் மெயின் ஸ்விட்ச் இன்னும் இறக்கப்படவில்லை. ஸ்விட்சைப் போட்டிருந்தால் ஜெனரேட்டர் கரண்டு நேராக அவர் கைக்குப் போயிருக்கும்.

மெயினையும் சோலார் ஸ்விட்சையும் இறக்கிய பிறகே ஜெனரேட்டரை ஓட்டினாள். சாரல் விழுந்தது. அவள் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, "நாந்தானுங்கம்மா பொய் சொல்லிப்போட்டேன்" என்று அழுதாள்.

மயிலம்மாள் செத்த கோழிகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். கடைசிக் கோழியையும் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்கக்கா பண்ணைக்கும் இந்தச் சோலாரையே மாட்டோணும்னு சொல்லீட்டிருக்கறா. கெளம்பு, போலாம். கரண்டு போனா இது நின்னுரும்னு அவகிட்ட நீயே சொல்லோணும். நான் பக்கத்துல நின்னு கேக்கறேன்."

ரஞ்சிதா வண்டிச் சாவியை எடுத்தாள்.